வேலி மட்டும் போதாது: ஜான் மியூர் வளர்ந்த ஏரிக்கரை

அமெரிக்காவின் காடுகளையும் தேசியப் பூங்காக்களையும் காக்க வாதாடிய இயற்கையாளர் ஜான் மியூரின் நினைவாக இரண்டு வீடுகள் காக்கப்படுகின்றன. 1838 ஏப்ரல் 21 அன்று அவர் பிறந்த வீடு ஸ்காட்லாந்தின் டன்பார் ஊரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. முதுமையில் வாழ்ந்த வீடு கலிஃபோர்னியாவின் மார்ட்டினெஸில் தேசிய வரலாற்றுத் தலமாகிவிட்டது. கூரை ஒழுகாமல் பார்த்து, சுவருக்கு வண்ணம் பூசி, வாசலில் ஒருவரை உட்கார வைத்தால் ஒரு வீட்டைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் காட்டையும் பூவையும் பார்க்க அவர் கற்றுக்கொண்ட இடம் இந்த இரண்டுமே அல்ல. அது விஸ்கான்சின் மாநிலத்தின் மார்க்கெட் மாவட்டத்தில், போர்ட்டேஜ் நகருக்கு வடக்கே உள்ள ஒரு சின்ன ஏரியும் அதன் கரையும். மியூர் குடும்பம் அதை ஃபவுன்டன் ஏரி என்றது. இன்றைய வரைபடத்தில் அதன் பெயர் எனிஸ் ஏரி.

1849இல், பதினொன்றாவது வயதில், தந்தையோடும் அக்காள் சாராவோடும் தம்பி டேவிட்டோடும் மியூர் இங்கே வந்து இறங்கினார். அவர்கள் கட்டிய வீடு இன்று இல்லை. இருப்பது நிலம். 1957இல் மாவட்ட நிர்வாகம் ஏரியைச் சுற்றிய பகுதியை மியூர் நினைவுப் பூங்காவாக்கியது. 1972இல் அது மாநில இயற்கைப் பகுதியானது. 1990இல் ஃபவுன்டன் லேக் பண்ணை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டடமே இல்லாத ஓர் இடத்தை வரலாற்றுச் சின்னம் என்று சொன்ன பிறகு, அங்கே எதைக் காப்பது என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் நிலத்தின் வாகு. பனியுகத்தின் முடிவில் பின்வாங்கிய பனிப்பாறையிலிருந்து பெரும் பனிக்கட்டிகள் உடைந்து மணலிலும் சரளையிலும் புதைந்தன. அவை உருகியபோது மேலே இருந்த மண் அமிழ்ந்து குழியானது. அந்தக் குழிதான் ஏரி. பரப்பு சுமார் 30 ஏக்கர். சுற்றிலும் மணல் மேடு. மழைநீர் மேட்டு மணலில் இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, ஏரிக்கரைச் சரிவில் ஊற்றாகக் கசிகிறது. அந்தக் கசிவில் உருவானது ஊற்றுச் சதுப்பு. கோடையிலும் குளிர்ந்தே இருக்கும் சுண்ணாம்பு நீர் என்பதால் அதில் வளரும் செடிகளே தனி. இப்படி, மேட்டில் வறண்ட மணல், நடுவில் ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நின்ற புல்வெளி, கீழே கோரைப் புல்வெளியும் சதுப்பும், கடைசியில் வெள்ளை அல்லி மிதக்கும் நீர். மேட்டிலிருந்து கரைக்கு நடந்து வரும் சில நிமிடங்களில் நான்கு விதமான உலகத்தைத் தாண்டிவிடலாம். ஒரு சிறுவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமைந்திருக்க முடியாது.

தந்தை டேனியல் மியூரின் கண்ணுக்கு அது கோதுமை விளையும் பூமி. முதல் உழவுக்கு நான்கைந்து ஜோடி எருதுகள் பூட்டிய பெரிய கலப்பை தேவைப்பட்டது. ஒவ்வொரு சாலும் ஒன்றரை முதல் இரண்டடி அகலம். கயிறு போலப் பின்னிக் கிடந்த புல்வேரை அறுத்துத்தான் கலப்பை முன்னே போயிற்று. விளைச்சல் முதலில் ஏக்கருக்கு 20, 25 புஷல் வந்தது (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ). நான்கைந்து ஆண்டுகளில் நல்ல வயலிலேயே ஐந்தாறு புஷலாகச் சுருங்கிவிட்டது. மணல் பூமிக்குத் திருப்பித் தராமல் எடுத்துக்கொண்டே இருந்தால் வேறென்ன ஆகும். குடும்பம் சில மைல் தள்ளி ஹிக்கரி ஹில் என்ற வேறொரு நிலத்துக்குப் பெயர்ந்தது. அங்கே ஓடும் நீர் கிடையாது. சுத்தியலும் உளியுமாக மணற்பாறையைக் கொத்தி 90 அடிக் கிணறு தோண்டியது ஜான்தான். 80 அடி ஆழத்தில் தேங்கிய நச்சுக்காற்றில் மயங்கி, உயிர் போகும் தறுவாயில் வாளியில் தூக்கிக் கரையேற்றப்பட்டார்.

ஏரிக்கரை நிலம் அக்காள் கணவர் டேவிட் கேலவேயின் கைக்குப் போனது. 1860களில் மியூர் அவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: ஏரியை ஒட்டிய 40 ஏக்கர் கோரைப் புல்வெளியை எனக்கு விற்றுவிடுங்கள், வேலி போட்டு மாடும் பன்றியும் நுழையாமல் காப்பாற்றுங்கள், வேலியின் செலவுக்கு நான் பணம் அனுப்புகிறேன். பெரணியும் ஆர்க்கிடும் அல்லியும் மிதிபடாமல் இருந்தால் போதும், திரும்பி வந்து பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்பது அவர் எண்ணம். கேலவே இணங்கவில்லை. எந்த வேலியானாலும் என்றாவது ஒருநாள் மாடு உடைத்துக்கொண்டு உள்ளே போகும் என்பது அவர் பதில். பின்னாளில் மறுபடி முயன்றும் நிலம் மியூருக்குக் கிடைக்கவில்லை. 1895 நவம்பரில் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கூட்டத்தில் இதை அவரே சொன்னார். தேசியப் பூங்கா என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, இயற்கையின் ஒரு துண்டையாவது அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்ற ஆசை தனக்கு இருந்தது என்றார். கலிஃபோர்னியாவின் யோசமிட்டிப் பள்ளத்தாக்குக்காக வாதாடிய மனிதரின் முதல் முயற்சி ஒரு மாட்டுவேலி. அதில் அவர் தோற்றார்.

மாட்டைத் தடுக்க அந்த வேலி அவசியம்தான். ஊற்றுச் சதுப்பின் மண் நீரில் ஊறிய கரி போன்றது. மாட்டின் குளம்பு அதில் ஒரு முழம் இறங்கும். அப்படி விழுந்த குழி பல ஆண்டு மூடாது. கசிநீர் பரவலாக வழிவதை விட்டுவிட்டுக் குழிவழியே ஓட ஆரம்பிக்கும். குழியைச் சுற்றி மண் காய்ந்து களை ஏறும். கோரைத் தூறுகளின் நிலைமையும் இதுதான். முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி நிற்கும் ஒரு தூறு பல பத்தாண்டுகளின் வளர்ச்சி. தூறின் தலை காய்ந்திருக்கும், அடி நீரில் நிற்கும். அந்த ஒரு முழ உயர வித்தியாசத்தில் தலையில் ஒரு செடி, பக்கவாட்டில் ஒரு பாசி, அடியில் வேறொரு செடி என்று ஒரே தூறில் ஒரு கூட்டமே குடியிருக்கும். மாடு ஏறி நசுக்கினால் அவ்வளவும் ஒரு பருவத்தில் போய்விடும்.

ஆனால் கேலவே சம்மதித்து, வேலி போட்டு, அந்த வேலி நூறாண்டு உடையாமலே நின்றிருந்தாலும் மியூர் பார்த்த புல்வெளி இன்று இருந்திருக்காது. அது புதர்க்காடாகியிருக்கும். இதற்கான காரணத்தை எழுதி வைத்தவரும் மியூரேதான். 1913இல் வந்த தன் இளமைக்கால நினைவுகளில், குடியேறிகள் வந்து ஆண்டுதோறும் ஓடிய புல்தீ நின்றதும், தரைக்குள் கிடந்த ஓக் வேர்க்கட்டைகள் மரங்களாக எழுந்து, நடந்து போகவே சிரமப்படும் அளவுக்கு அடர்ந்துவிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த வேர்க்கட்டைகளைக் குடியேறிகள் கிரப் என்றார்கள். தீ வந்து தலையைக் கருக்கும், வேர் மறுபடி துளிர்க்கும், அடுத்த ஆண்டு மறுபடி கருகும். நான்கைந்து அங்குலப் பருமனில், நூறு வயது தாண்டிய கட்டைகளும் உண்டு. மேலே பார்த்தால் முழங்கால் உயரச் செடி. கீழே மரத்தின் வேர். தீயை நிறுத்தியதும் அவை கேட்டுக்கொண்டிருந்த விடுதலை கிடைத்தது போல ஒரே வீச்சில் எழுந்தன.

மின்னலால் மூண்ட தீ கொஞ்சம். பெரும்பாலானவை ஹோ-சங்க் போன்ற அந்த மண்ணின் மக்கள் வைத்தவை. வேட்டைக்கும் பயணத்துக்கும் புது மேய்ச்சலுக்கும் புல்லை எரித்தார்கள். அவர்களை அந்த நிலத்திலிருந்து வெளியேற்றியபோது தீயும் வெளியேறியது. 1850 வாக்கில் விஸ்கான்சினில் ஓக் புல்வெளி சுமார் 55 லட்சம் ஏக்கர் இருந்தது. பழைய செடிகளோடு நல்ல நிலையில் எஞ்சியது அதில் 0.01 சதவீதத்துக்கும் குறைவு. கலப்பை தின்றது ஒரு பங்கு. நிழல் தின்றது இன்னொரு பங்கு.

ஆகவே இந்த நிலத்தை நினைவுகூர்வது என்றால் அங்கே வேலை செய்வது. இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட். 1930களிலேயே மேடிசன் பல்கலைக்கழகத்தின் மரத்தோட்டத்தில் கைவிடப்பட்ட வயலைப் பிரெய்ரி எனப்படும் இயற்கைப் புல்வெளியாகத் திருப்பும் பணி தொடங்கிவிட்டது. அதில் அவருக்குப் பங்கு உண்டு. மியூரின் ஏரியிலிருந்து நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்குள் அவருடைய சொந்த மணற்பண்ணை. 1948 ஏப்ரலில், தன் கடைசி நாட்களில், மியூர் வளர்ந்த நிலத்தை மாநிலம் எடுத்து அதன் பழைய செடிகளை மீட்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். அதே மாதம் 21ஆம் தேதி, மியூரின் பிறந்த நாளன்று, பக்கத்துப் பண்ணையில் பரவிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். தீ இந்த நிலத்துக்கு மருந்து. அலட்சியமாகக் கையாண்டால் ஆளைக் கொல்லும். இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட நிலங்களில் எரிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் எரிப்பதில்லை. மூன்று பாகமாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்று. காய்ந்த தண்டுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் வண்ணத்துப்பூச்சி முட்டைகளும் காட்டுத் தேனீக்களும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. எரியாத பாகத்திலிருந்துதான் அவை திரும்பி வர முடியும். ஒரே நாளில் மொத்தமாக எரித்து, செடி செழிக்க, பூச்சி அற்றுப்போன இடங்கள் உண்டு. அடுத்தது தீத்தடுப்புக் கோடு: பாகத்தைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, சருகை வாரி அப்புறப்படுத்த வேண்டும். வாரிய சருகை எரியும் பக்கம் குவிக்கக் கூடாது. குவியல் பல மணி நேரம் கனன்றுகொண்டே இருந்து, மாலைக் காற்றில் பொறி பறக்கும்.

நாள் தேர்வு பாதி வேலை. காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம், காற்று மணிக்கு 8 முதல் 24 கிலோமீட்டர், திசை மாறாமல் இருக்க வேண்டும். காற்றே இல்லாத நாள் நல்ல நாள் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். அதுதான் ஆபத்தான நாள். திசை இல்லாத காற்று நினைத்தபோது திரும்பும், புகை தரையிலேயே தேங்கும். தீயணைப்பு நிலையத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் முன்கூட்டியே சொல்லி, அனுமதி கையில் இருந்தால்தான் தீக்குச்சி வெளியே வரும்.

டீசல் மூன்று பங்கு, பெட்ரோல் ஒரு பங்கு கலந்து, எரியும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடும் டிரிப் டார்ச் என்ற கைக்கலனால் தீ வைப்பார்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தக் கடைக்கோடி மூலையில் முதலில் ஒரு சின்னச் சோதனைத் தீ. அது எதிர்பார்த்தபடி நடந்தால் அந்த ஓரம் முழுவதும் வைப்பார்கள். காற்றை எதிர்த்து மெதுவாக ஊர்ந்து வரும் அந்தத் தீ, தடுப்புக் கோட்டை ஒட்டி அகலமான கரிப்பட்டை ஒன்றை உண்டாக்கும். பிறகு இரு பக்கமும். கரிப்பட்டை போதிய அகலம் ஆன பிறகே காற்று வரும் பக்கத்திலிருந்து தலைத்தீ. அது ஆளுயரத்துக்கு எழுந்து ஓடி வந்து, ஏற்கெனவே எரிந்த கரியை முட்டியதும் தின்ன ஒன்றுமில்லாமல் அணையும். முதுகில் தண்ணீர்ப் பம்பும் கையில் ரப்பர்த் தட்டு கட்டிய கோலுமாக ஆட்கள் கோட்டின் மேல் நிற்பார்கள். தீ அணைந்த பிறகுதான் பொறுமை வேண்டிய வேலை தொடங்கும்: பட்ட மரங்களையும் பழைய கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, சூடு இருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். சதுப்பை ஒட்டிய பாகத்தில் இன்னொரு விதி. தரை சொதசொதவென்று இருக்கும்போது மட்டுமே எரிக்கலாம். காய்ந்த கரிமண்ணில் தீ இறங்கிவிட்டால் தரைக்கு அடியில் வாரக்கணக்கில் எரியும். ஆயிரம் ஆண்டில் சேர்ந்த மண் சாம்பலாகிவிடும்.

எப்போது எரிப்பது என்பதில் ஒரே விடை கிடையாது. வழக்கம் இளவேனில், அதாவது மார்ச் கடைசியும் ஏப்ரலும். ஆனால் மணல் மேட்டின் முதல் பூவான பேஸ்க் மலர் அதே நேரத்தில்தான் எழும். இலை வருமுன் பூ வரும் செடி அது. ஊதா இதழ்களின் வெளிப்புறமும் தண்டும் வெள்ளிப் பட்டு போல மயிர் போர்த்தியிருக்கும். உறைபனிக் காற்றில் அந்த மயிர்தான் அதன் கம்பளி. சிறுவன் மியூர் இதைக் கண்டு மயங்கி நின்றதில் வியப்பில்லை. மொட்டு தரையை விட்டு எழுந்த பிறகு தீ ஓடினால் அந்த ஆண்டின் விதை போச்சு. அதனால் இந்தச் செடி உள்ள மேட்டை ஒருமுறை இலையுதிர் காலத்திலும் ஒருமுறை பனி உருகிய உடனேயும் என்று மாற்றி மாற்றி எரிப்பது நல்லது. ஆண்டுதோறும் ஒரே தேதியில் எரித்தால், அந்தத் தேதியில் பூக்கும் செடியை நாமே ஒழித்துக்கட்டியவர்களாவோம்.

தீயால் மட்டும் ஆகாத எதிரி ஒன்று உண்டு: ஐரோப்பாவிலிருந்து தோட்டச் செடியாக வந்த பக்தார்ன் புதர். அதில் பளபளப்பு இலை உள்ள வகை நேரே சதுப்புக்குள் இறங்கும். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். மற்ற மரங்கள் இலை உதிர்த்த பிறகும் இது பச்சையாகவே நிற்பதால், அக்டோபர் கடைசியில் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். வெறுமனே வெட்டினால் ஒரு தண்டு போய் பத்து தண்டு வரும். வெட்டிய முகத்தில் களைக்கொல்லி தடவ வேண்டும். சதுப்பில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் நீர்நிலைக்கு அனுமதிக்கப்பட்ட வகை மட்டும். வெட்டிய ஐந்து நிமிடத்துக்குள் தடவிவிட வேண்டும். ஆறினால் தண்டு வாயை மூடிக்கொள்ளும். ஒருவர் வெட்ட, பின்னாலேயே ஒருவர் சாயம் கலந்த மருந்தைத் தடவிக்கொண்டு வருவது இதற்காகத்தான். சாயம் தெரியாத கட்டை விட்டுப்போன கட்டை. இளவேனிலில் இந்த வேலை வீண், மேலேறும் சாறு மருந்தை வெளியே தள்ளிவிடும். தரை உறைந்த குளிர்காலம்தான் சரி. அப்போதுதான் நம் காலும் கோரைத் தூறுகளை மிதித்துக் கெடுக்காது. மாட்டுக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும்.

முதல் ஆண்டு புதரை எடுத்த மகிழ்ச்சியில் பலர் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த கோடையில் வெளிச்சம் கண்ட விதைகள் கம்பளம் போல முளைக்கும். அந்த நாற்றுகளை இன்னும் நான்கைந்து ஆண்டு தொடர்ந்து களையாவிட்டால், தொடங்காமலே இருந்திருக்கலாம்.

உழுது கெட்ட வயலைத் திருப்ப விதைக்கத்தான் வேண்டும். விதை அக்கம்பக்கத்து நிலத்திலிருந்தே வர வேண்டும். தொலைவிலிருந்து வாங்கியது இங்கத்திய பனிக்குப் பழகியிராது. அனுமதி பெற்று, ஓரிடத்து விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் சேர்க்க வேண்டும். சதுர அடிக்கு 40 முதல் 60 விதை என்பது கணக்கு. நவம்பரில், பனி விழுமுன், மரத்தூளோடு கலந்து வீசினால் குளிரும் ஈரமும் விதையின் உறக்கத்தைக் கலைத்து அதை மண்ணுக்குள்ளும் இழுத்துக்கொள்ளும். பெரும் தவறு, விலை மலிவு என்று உயரப் புல் விதையை அள்ளிப் போடுவது. மூன்றாம் ஆண்டில் தோளுயரப் புல் மட்டும் நிற்கும், பூச்செடி அடியில் மூச்சு முட்டிச் சாகும். முதல் கோடையில் களைதான் கண்ணுக்குத் தெரியும். பிடுங்கக் கூடாது, கூடவே நாற்றும் வந்துவிடும். ஓரடி வளர்ந்ததும் அரை அடிக்கு வெட்டிவிட வேண்டும், அதுவும் இரண்டு மூன்று முறை. முதல் ஆண்டு தூங்கும், இரண்டாம் ஆண்டு தவழும், மூன்றாம் ஆண்டு தாவும் என்று அங்கத்துப் பிரெய்ரிக்காரர்கள் சொல்வது அனுபவச் சொல். மணலில் வளரும், அவரைக் குடும்பத்துச் செடியான காட்டு லூபினை விதைக்கும்போது அதற்குரிய வேர்முடிச்சுப் பாக்டீரியாவையும் கலக்க வேண்டும். கார்னர் நீல வண்ணத்துப்பூச்சியின் புழு லூபின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது.

மீட்க முடியாததும் உண்டு. ஆர்க்கிட் விதை தூசியைவிடச் சிறிது. மண்ணில் அதற்குரிய பூஞ்சை இருந்தால்தான் முளைக்கும், பூக்கப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். பறித்து வந்து நட்டவை பெரும்பாலும் செத்துப்போகின்றன. அது இருக்கும் துண்டை இழக்காமல் இருப்பது ஒன்றே வழி. மியூர் சிறுவயதில் வானம் நிறையப் பார்த்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914 செப்டம்பரில் கூண்டில் இறந்தது. மியூர் அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார். அந்த வானத்தை எந்த விதையாலும் எந்தத் தீயாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. சாண்ட்ஹில் கொக்கு திரும்பி வந்தது. 1930களில் மாநிலம் முழுக்கச் சில பத்து இணைகளாகச் சுருங்கிய பறவை அது. வேட்டை நின்று, சதுப்புகள் எஞ்சியதால் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

எனக்குக் கவலை நிலத்தடி நீரைப் பற்றித்தான். மத்திய விஸ்கான்சின் மணற்பரப்பில் உருளைக்கிழங்குக்கும் காய்கறிக்கும் பெரிய ஆழ்துளைக் கிணறுகள் நிறைய. அந்தப் பகுதியின் சிற்றாறுகளும் ஏரிகளும் இறைப்பால் வற்றிய அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. ஊற்றுச் சதுப்பு உயிர்வாழ்வது கசிவில். நீர்மட்டம் ஓரடி இறங்கினாலும் கரிமண் காயும், காய்ந்த இடத்தில் பக்தார்ன் ஏறும். பூங்காவின் எல்லைக்குள் எவ்வளவு உழைத்தாலும் நீர் எல்லைக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. ஒரு நினைவிடத்தின் எல்லையை ஏரிக்கரையோடு முடித்துவிட்டு, மழையை உள்வாங்கும் மேட்டைக் கணக்கில் விட்டால், மியூரின் வேலியை இன்னொரு முறை போட்டது போலத்தான் ஆகும்.

ஏரியைச் சுற்றிப் பனியுகத் தேசிய நடைபாதையின் ஒரு துண்டு போகிறது. நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம். அல்லி பார்க்க ஜூலை, பேஸ்க் மலர் பார்க்க ஏப்ரல். ஏப்ரலில் போனால் ஏதாவதொரு பாகம் கரிக்கட்டையாகக் கிடக்கலாம், பதற வேண்டாம். பர் ஓக் ஒன்றின் அடியில் நின்று பட்டையைத் தொட்டுப் பாருங்கள்: விரல் புதையும் பிளவுகளோடு தக்கை போலத் தடித்திருக்கும், வெளியே கரி ஒட்டியிருக்கும், உள்ளே மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிறகு குனிந்து, அடுத்த சில எட்டுகளில் கருகிய குச்சி ஒன்றைத் தேடுங்கள். அதன் கழுத்தில், மண்ணை ஒட்டி, சிவந்த துளிர் முட்டிக்கொண்டு வந்திருக்கும். மியூர் குடும்பத்தின் கலப்பை மோதியது இப்படிப்பட்ட வேர்க்கட்டைகளில்தான்.